இலையின் தொழிலைக் கண்ட இங்கென்ஹவுஸ்

எரியும் மெழுகுவத்தி ஒன்றின்மேல் கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து, வெளிக்காற்றுப் புகாவண்ணம் அதன் வாயை நீரில் அமிழ்த்தி வைத்தால், சுடர் சற்று நேரம் எரிந்து, பின்னர் மங்கி, அணைந்துபோகும். அங்ஙனம் கெட்ட காற்றில் ஒரு சுண்டெலியை விட்டால் அதுவும் மூச்சுத் திணறி மாளும். சாடிக்குள் நிகழ்வது உலகெங்கும் நிகழவேண்டுமன்றோ? நாள்தோறும் எரியும் அடுப்புகள் எத்தனை! விளக்குகள் எத்தனை! மூச்சுவிடும் உயிர்கள் எத்தனை கோடி! இவ்வளவும் காற்றைக் கெடுத்துக்கொண்டே இருக்க, உலகத்துக் காற்று மட்டும் கெடாமல் நிற்பது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர்களை இவ்வினா விடாமல் வாட்டி வந்தது.

இதற்கு விடை காண முயன்றவருள் ஒருவர், அரச குடும்பத்தாருக்கு அம்மை குத்திப் பெயர்பெற்ற மருத்துவர். தாவரங்களின் மூச்சைப் பற்றி அவர் வேறு வேலையின்றி ஆராய்ந்தது மூன்று மாதங்கள்கூட இராது. ஆயினும், அச்சிறு காலத்தில் அவர் கண்ட உண்மை இன்றும் தாவர நூலின் முதற் பாடங்களுள் ஒன்றாக விளங்குகிறது. யான் இங்கென்ஹவுஸ் என்பது அவர் பெயர்.

இங்கென்ஹவுஸ் 1730ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 8ஆம் நாள் ஹாலந்து நாட்டில் பிரேடா என்னும் நகரத்தில் பிறந்தார். தந்தையார் தோல் வாணிகம் செய்து, பின்பு மருந்து வாணிகத்தில் இறங்கியவர். இங்கென்ஹவுஸ் சிறுவராயிருந்த காலத்தில் ஐரோப்பாவில் பெரும்போர் ஒன்று மூண்டது. ஆங்கிலப் படை பிரேடாவின் அருகே பாசறை அமைத்திருந்தபொழுது, அப்படையின் மருத்துவரான ஜான் பிரிங்கிள் என்பார் அக்குடும்பத்தாருக்கு நண்பரானார். சிறுவனுடைய கூர்மையான அறிவு அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. இந்நட்பே பிற்காலத்தில் இங்கென்ஹவுஸின் வாழ்வை இருமுறை திசை திருப்பிற்று.

கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தவராதலின் அவர் லூவேன் நகரத்துப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று மருத்துவம் பயின்று, 1753இல் பட்டம் பெற்றார். பின்னர் லெய்டன் முதலிய நகரங்களிலும் கல்வியைத் தொடர்ந்தார். லெய்டனில் மின்சாரத்தின்பால் அவருக்கு உண்டான ஆர்வம் வாழ்நாள் முழுவதும் நீங்கவில்லை. கல்வி முடிந்து பிரேடாவிற்குத் திரும்பி, அமைதியாக மருத்துவத் தொழில் செய்து வந்தார். தந்தையார் 1764இல் காலமானார். அதன்பின் அவர் பிரிங்கிளை நாடி லண்டன் மாநகருக்குப் புறப்பட்டார்.

அக்காலத்தில் பெரியம்மை மக்களைச் சூறையாடிய கொடுநோய். 1980ஆம் ஆண்டில் உலகினின்றும் அடியோடு ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட அந்நோயின் கொடுமையை இன்றைய மாணவர் அறியார். அது தொற்றியவருள் ஐவரில் ஒருவரோ, அதற்கு மேலோ மாண்டனர். பிழைத்தோரிற் பலர் முகத்தழும்புடனும் சிலர் குருடராயும் வாழ்ந்தனர். பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு குத்தும் முறையை ஜென்னர் கண்டது 1796இல்தான். அதற்குமுன் வழங்கிய முறை வேறு. பெரியம்மை இலேசாகக் கண்ட ஒருவருடைய கொப்புளத்தினின்று சிறிது நீரை எடுத்து, உடல்நலம் உள்ளவருடைய கையிற் கீறி ஏற்றுவார்கள். அவருக்கும் அம்மை காணும். ஆனால் பெரும்பாலும் இலேசாகக் கண்டு தணிந்துவிடும். அதன்பின் ஆயுள் முழுவதும் அந்நோய் அவரை அணுகாது. எனினும் நூற்றில் ஒருவர் இருவர் இம்முறையாலேயே இறப்பதும் உண்டு. நலமாயிருக்கும் பிள்ளைக்கு நோயை நாமே வருவிப்பதா எனப் பெற்றோர் நடுங்கினர். அவர்கள் அச்சத்தைக் குறைகூற இயலாது.

இங்கென்ஹவுஸ் லண்டனில் இக்கலையைத் தேர்ந்து கற்றார். 1768இல் ஹார்ட்போர்டு வட்டாரத்துச் சிற்றூர்களில் பெரியம்மை பரவியபொழுது, டிம்ஸ்டேல் என்னும் மருத்துவருடன் சென்று, ஏறக்குறைய எழுநூறு பேருக்கு அம்மை குத்தும் பணியில் ஈடுபட்டார்.

அதே ஆண்டில் ஆஸ்திரியாவினின்றும் ஓர் அழைப்பு வந்தது. அந்நாட்டுப் பேரரசி மரியா தெரசா தம் மக்களையும் மருமக்களையும் ஒருவர்பின் ஒருவராகப் பெரியம்மைக்குப் பறிகொடுத்திருந்தார். முந்திய ஆண்டில் அவரே அந்நோய்வாய்ப்பட்டு அரிதிற் பிழைத்தார். எஞ்சிய பிள்ளைகளையேனும் காக்க விரும்பிய அவர், தக்க மருத்துவர் ஒருவரை அனுப்புமாறு இங்கிலாந்தின் மன்னரை வேண்டினார். பிரிங்கிளின் பரிந்துரையால் அப்பணி இங்கென்ஹவுஸுக்குக் கிட்டிற்று. முதன்முறையாக அவர் வாழ்வைத் திசை திருப்பியது இதுவே.

இப்பணியின் பொறுப்பு சிறிதன்று. வியன்னா நகரத்து மருத்துவருட் பலர் அம்மை குத்துவதை வெறுத்தனர். அரசிளங்குமரர் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்திருப்பின், அந்த அயல்நாட்டு மருத்துவரின் பெயரோடு அம்முறையின் பெயரும் அழிந்திருக்கும். முதலில் நகரத்து ஏழைச் சிறுவர்களுக்கு அம்மை குத்தி, அவர்கள் நலமுடன் தேறியதைக் காட்டினர். ஏழைப் பிள்ளைகளை முதலில் சோதனைக்கு உட்படுத்திய அச்செயலை அக்காலத்தவர் தவறாகக் கருதவில்லை. இக்காலத்தவர் அங்ஙனம் எண்ணுதல் அரிது. அதன்பின் பேரரசியின் புதல்வர் இருவருக்கும் பேத்தி ஒருத்திக்கும் அம்மை குத்தப்பட்டது. மூவரும் தேறினர். அரண்மனை மகிழ்ச்சியில் மூழ்கியது. அம்மை குத்திக்கொண்ட ஏழைச் சிறுவர்களுக்கு ஷேன்புரூன் மாளிகையில் விருந்து வைத்து, அரச குடும்பத்தாரே முன்னின்று பரிமாறினர். இங்கென்ஹவுஸ் அரண்மனை மருத்துவராக அமர்த்தப்பெற்று, ஆயுள் முழுவதற்கும் பெரிய ஊதியமும் பெற்றார்.

வறுமைக்கு அஞ்சவேண்டாத நிலை வாய்த்தமையால் அவர் தம் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சியிற் செலவிடலானார். 1769இல் லண்டன் ராயல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1775இல், தாவர நூல் வல்லுநரான ஜாக்குவின் என்பாரின் தங்கை அகதா மரியாவை மணந்தார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவரும் நெருங்கிய நண்பர்கள். பல்வேறு உலோகக் கம்பிகளின்மேல் மெழுகைப் பூசி, அவற்றின் ஒரு முனையைச் சூடான திரவத்தில் வைத்து, எக்கம்பியில் மெழுகு நெடுந்தொலைவு உருகுகிறது என்று பார்க்கும் சோதனை நம் பள்ளிகளிலும் செய்து காட்டப்படுவதுண்டு. வெப்பத்தை நன்கு கடத்தும் உலோகம் யாது எனக் காட்டும் அச்சோதனை அவர் பெயராலேயே வழங்குகிறது.

இனி, காற்றைப் பற்றிய வினாவிற்கு வருவோம்.

இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் சமய போதகர் வாழ்ந்தார். அவர் 1771ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள், மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்று அடங்கிய சாடிக்குள் புதினாக் கொத்து ஒன்றை வைத்தார். பத்து நாள் சென்றபின் அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் நன்றாக எரிந்தது. சுடரும் உயிரும் கெடுத்த காற்றைச் செடி திருத்திவிடுகிறது என்று இதனாற் புலனாயிற்று. இக்கண்டுபிடிப்பு உள்ளிட்ட ஆராய்ச்சிகளுக்காக ராயல் கழகம் 1773இல் அவருக்குப் பதக்கம் வழங்கியது. அப்பொழுது கழகத்தின் தலைவராயிருந்து பதக்கத்தை அளித்தவர் நாம் முன்பு கண்ட பிரிங்கிளே. எங்கோ கானகத்தில் நிற்கும் மரமும், நச்சுப் பூண்டுங்கூட, மாந்தர் மூச்சுக்கு உதவுகின்றன என்னும் கருத்துப்பட அன்று அவர் ஆற்றிய சொற்பொழிவு இங்கென்ஹவுஸின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பிரிங்கிளால் அவர் வாழ்வு திரும்பிய இரண்டாம் முறை இது.

ஆனால் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. பிரீஸ்ட்லி கண்டதைப் பிறர் செய்து பார்த்தபொழுது சிலருக்கு அது கைகூடிற்று, சிலருக்குக் கைகூடவில்லை. சுவீடன் நாட்டின் புகழ்பெற்ற வேதிநூல் அறிஞரான ஷீலே, செடிகள் காற்றைக் கெடுக்கவே செய்கின்றன என்றார். பிரீஸ்ட்லிதாமும் சில ஆண்டுகளின் பின் சோதனையைத் திரும்பச் செய்தபொழுது, செடி ஒருநாள் காற்றைத் திருத்தியது, மற்றொருநாள் கெடுத்தது. செடி அதே செடி. சாடி அதே சாடி. பின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

இங்கென்ஹவுஸ் வியன்னாவினின்று விடுமுறை பெற்று இங்கிலாந்திற்கு வந்திருந்தார். 1779ஆம் ஆண்டுக் கோடையில், லண்டனுக்கு மேற்கே சவுத்தால் கிரீன் என்னும் சிற்றூரில் வீடு ஒன்றை வாடகைக்கு அமர்த்தி அங்கே குடிபுகுந்தார். நோயாளிகளோ விருந்தினரோ அவரைத் தடுக்கவில்லை. மூன்று மாதங்களுக்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். கணக்கிட்டால் நாளொன்றுக்கு ஐந்தாறு சோதனைகள் ஆகின்றன. காலையினின்று இரவுவரை அவர் ஓய்ந்திருந்த நேரம் மிகக் குறைவே என்பது தெளிவு.

அவர் கையாண்ட முறை எளியது. கிணற்று நீரைச் சாடி நிறைய ஊற்றி, அதில் பச்சிலைகளை இட்டு, அந்நீர் நிறைந்த தொட்டியிலேயே சாடியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வெயிலில் வைத்தார். சற்று நேரத்தில் இலைகளின்மேல், சிறப்பாக அவற்றின் அடிப்புறத்தில், முத்துப்போன்ற சிறு குமிழிகள் அரும்பின. அவை பருத்து, இலையை விட்டு நீங்கி, மேலே சென்று சாடியின் உச்சியில் திரண்டன. அங்ஙனம் திரண்ட காற்றில், அப்பொழுதே அணைத்த, நுனியில் கனல் மாத்திரம் உள்ள திரியை நுழைத்தால் அது குப்பென்று பற்றி எரிந்தது. நாம் இன்று பிராணவாயு என வழங்குவது அதுவே.

திரி எரிவதைக் கண்டதோடு அவர் அமையவில்லை. காற்றின் தரத்தை அளந்தும் பார்த்தார். நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை நீரின்மேல் நிற்கும் காற்றோடு கலந்தால், பிராணவாயு அதனோடு கூடி நீரிற் கரைந்துவிடும்; காற்றின் பருமன் குறையும். குறைவு மிகுதியாயின் பிராணவாயுவும் மிகுதி. அளவு குறித்த கண்ணாடிக் குழாயில் இதனைச் செய்தார் அவர். நல்ல காற்று, கெட்ட காற்று என்னும் பொதுச் சொற்கள் அவர் குறிப்பேட்டில் எண்களாக மாறின.

இலையில் குமிழி தோன்றுவதை முதலிற் கண்டவர் அவர் அல்லர். ஜெனீவா நகரத்துப் போனே என்னும் அறிஞர் அதனை முன்பே கண்டு, வெயிலின் சூட்டால் நீரிலுள்ள காற்று வெளிப்பட்டு இலையில் ஒட்டிக்கொள்கிறது என்று எழுதிவிட்டார். இக்கருத்து உண்மையாயின் இலைக்கு இதில் தொழிலே இல்லை. ஆகவே சூட்டையும் ஒளியையும் பிரித்துப் பார்ப்பது இன்றியமையாததாயிற்று. இங்கென்ஹவுஸ் இருளிலே இலைகளுக்குத் தீயின் வெம்மையை மாத்திரம் ஊட்டினார். நல்ல காற்று தோன்றவில்லை. உள்ள காற்றுங் கெட்டது. இலையின்றி வெயில் மட்டும் கெட்ட காற்றைத் திருத்துவதில்லை என்றும் கண்டார். எனவே காற்றைத் திருத்துவது வெயிலின் சூடன்று, வெயிலின் ஒளியே என்பதும், அவ்வொளியும் பச்சிலையின் வழியாகவே அதனைச் செய்கிறது என்பதும் ஐயமற விளங்கின.

பிரீஸ்ட்லியின் சோதனை சில நாள் பலித்துச் சில நாள் பலியாமற் போனதன் மருமம் இப்பொழுது வெளிப்பட்டது. சாடி எங்கே வைக்கப்பட்டிருந்தது, பலகணி ஓரத்திலா, அறையின் நிழல் மூலையிலா என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை. வேறுபாடு அங்கேதான் இருந்தது.

அக்கோடையில் அவர் கண்ட செய்திகள் இன்னும் பல. கதிரவன் எழுந்து சற்று நேரம் சென்றபின்னரே இலைகள் தொழிலைத் தொடங்குகின்றன. ஒளி மிகுந்தோறும் தொழிலும் மிகுகின்றது. கதிரவன் மறையவே நின்றுவிடுகின்றது. உயர்ந்த கட்டடங்களின் நிழலில் நிற்கும் செடிகள் அதனைச் செய்வதில்லை. முற்றிய இலைகள் தளிர்களினும் மிகுதியான காற்றைத் தருகின்றன. நச்சுச் செடிகளும் இத்தொழிலில் நல்ல செடிகளுக்குக் குறைந்தவை அல்ல. செடியின் பசுமையான உறுப்புகளே இதனைச் செய்யவல்லன. பூக்களும், பெரும்பாலான வேர்களும், பழங்களும் பகலிலுங்கூடக் காற்றைக் கெடுக்கின்றன.

இரவில் நிகழ்வதையும் அவர் மறைக்கவில்லை. எல்லாச் செடிகளும் இருளில் நம்மைப்போலவே காற்றைக் கெடுக்கின்றன என்று தெளிவாக எழுதினார். செடிகளைப் புகழவந்தவர் செடிகளின் குறையைக் கூறுவதா எனச் சிலர் முகஞ்சுளித்தனர். பிரீஸ்ட்லியும் அதனை எளிதில் ஒப்பவில்லை. ஆனால் இரவில் கெடுப்பது மிகச் சிறிது, பகலில் திருத்துவது மிகப் பெரிது என்பதையும் இங்கென்ஹவுஸ் உடன் கூறியிருந்தார். படுக்கையறையில் பூந்தொட்டி இருத்தலாகாது என இன்றும் அஞ்சுவோர், அவர் கூறியதில் முற்பாதியை மட்டுமே கேட்டவர்கள் ஆவர்.

கோடை முடிந்ததும் முடிவுகளை விரைந்து நூலாக்கி, அவ்வாண்டு அக்டோபரிலேயே வெளியிட்டு, அதனைப் பிரிங்கிளுக்கு உரிமையாக்கினார். புகழோடு பூசலும் வந்தது. சாடிகளிற் படிந்த ஒருவகைப் பச்சைப் பாசு வெயிலில் தூய காற்றை வெளிவிடுவதைப் பிரீஸ்ட்லியும் அதே காலத்திற் கண்டிருந்தார். ஆனால் அது தாவரமென்று முதலில் அவர் கருதவில்லை. ஜெனீவாவின் செனபியே என்பார் மூன்றாண்டுகள் கழித்து எழுதிய நூலில், நீரில் கரியமில வாயு கரைந்திருந்தாலன்றி இலைகள் பிராணவாயுவை வெளிவிடா என்று காட்டினார். முதலிற் கண்டவர் யார் என்னும் வழக்கு இம்மூவரிடையே நெடுங்காலம் நடந்தது. ஒளிக்கும் பச்சிலைக்கும் உள்ள உறவை முழுமையாக முதலில் நிறுவியவர் இங்கென்ஹவுஸ். கரியமில வாயுவின் பங்கை வெளிப்படுத்தியவர் செனபியே. இவ்விருவருக்கும் வழி திறந்தவர் பிரீஸ்ட்லி. இங்கென்ஹவுஸ் செனபியேயின் கூற்றைத் தொடக்கத்தில் மறுத்தார் என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

ஆனால் அவர் அம்மறுப்பிலேயே நின்றுவிடவில்லை. பிரெஞ்சு அறிஞர் லவாசியே வகுத்த புதிய வேதிநூலைக் கற்றபின், 1796இல் செடிகளின் உணவைப் பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். அதன் பெருமையை அறியப் பழைய கதை ஒன்றை அறிதல் வேண்டும். அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், வான் ஹெல்மான்ட் என்பவர், 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் 169 பவுண்டாயிற்று. மண்ணோ ஏறக்குறைய இரண்டு அவுன்சே குறைந்தது. மரத்தின் உடல் நீராலாயது என அவர் முடிவு செய்தார். இங்கென்ஹவுஸ் அதனைத் திருத்தினார். மரத்தின் உடலிலுள்ள கரி, காற்றிலுள்ள கரியமில வாயுவினின்றும் வந்தது என்றார். நம் வீட்டு உத்தரமும் கதவும் ஒருகாலத்தில் பெரும்பகுதி காற்றாய் உலவியவை என்றால் நம்புவது அரிதே. எனினும் உண்மை அதுதான். 1804இல் சோசூர் என்பார் எடையிட்டுப் பார்த்து, நீருக்கும் அதிற் பங்குண்டு எனக் காட்டவே, வான் ஹெல்மான்டின் கூற்றும் முற்றும் பொய்யன்று என்பது தெரிந்தது.

ஒளி இலைக்குள் என்ன செய்கிறது என்பது இங்கென்ஹவுஸ் காலத்தில் விளங்கவில்லை. சக்தி அழிவதில்லை, உருமாறுகிறது என்னும் விதி அப்பொழுது தோன்றவேயில்லை. 1845இல் ராபர்ட் மேயர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இலைகள் கதிரவனின் ஒளிச் சக்தியைப் பற்றி அதனை வேதிச் சக்தியாக மாற்றிச் சேமிக்கின்றன என விளக்கினார். ஒளிச்சேர்க்கை என நாம் வழங்கும் நிகழ்ச்சியின் சாரம் இதுவே. இலையிலுள்ள பச்சையம் ஒளியை உறிஞ்சுகிறது. அச்சக்தியால் நீர் பிளவுபடுகிறது. பிளவுபட்ட நீரிலுள்ள பிராணவாயு குமிழியாக வெளியேறுகிறது. ஹைட்ரஜனோ கரியமில வாயுவோடு சேர்ந்து சர்க்கரை உண்டாகப் பயன்படுகிறது. வெளிவரும் பிராணவாயு கரியமில வாயுவிலிருந்து வருவதாகவே அறிஞர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது நீரிலிருந்து வருகிறது என்பதை, கனத்த பிராணவாயு அணுக்களை அடையாளமாகக் கொண்டு அமெரிக்காவில் 1941இல் செய்த சோதனை வலியுறுத்தியது. கரி சர்க்கரையாகும் வழியைப் படிப்படியாகக் கண்ட மெல்வின் கால்வின் 1961இல் நோபல் பரிசு பெற்றார். சர்க்கரை மாப்பொருளாகி நெல்லிலும் கிழங்கிலும் தங்குகிறது. நாம் சோற்றை உண்ணும்பொழுது அதிற் சேர்ந்திருக்கும் ஒளியின் சக்தியே நம் உடலில் வெம்மையாகவும் உழைப்பாகவும் வெளிப்படுகிறது. விறகும் நிலக்கரியும் எரிவதும் அங்ஙனமே.

இங்கென்ஹவுஸின் பிற்கால வாழ்வு அலைச்சல் மிகுந்தது. 1788இல் வியன்னாவை விட்டுப் புறப்பட்டவர் மனைவி இருந்த அந்நகருக்கு மீளவேயில்லை. 1789 ஜூலையில் பாரிஸ் நகரில் புரட்சி வெடித்தபொழுது அவர் அங்கே இருந்தார். அமளியினின்றும் தப்பிச் சென்று, முடிவில் இங்கிலாந்தை அடைந்தார். ஐரோப்பாவிற் பரவிய போர்கள் திரும்பும் வழியை அடைத்தன. உடலும் தளர்ந்தது. ஜென்னரின் புதிய அம்மைப்பால் முறை வெளியானபொழுது, பழைய முறையில் தேர்ந்த அவர் அதனை நம்ப மறுத்து ஜென்னருக்குக் கடிதம் எழுதினார். அதில் காலம் ஜென்னரின் பக்கமே நின்றது.

இறுதி நாட்களில் வில்ட்ஷயர் வட்டாரத்திலுள்ள போவுட் மாளிகையில், அதன் தலைவரான லான்ஸ்டவுன் பிரபுவின் விருந்தினராகத் தங்கியிருந்தார். கால் நூற்றாண்டுக்கு முன், 1774ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், பெரிய குவிவில்லையால் வெயிலைக் குவித்து, பாதரசச் செந்தூளைச் சூடாக்கிப் பிரீஸ்ட்லி பிராணவாயுவைப் பிரித்தெடுத்ததும் அந்த மாளிகையிலேதான். அங்கே 1799ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இங்கென்ஹவுஸ் உயிர் நீத்தார். அவர் உடல் அருகிலுள்ள கான் என்னும் ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.